மழையை நம்பிய மண்ணில் எழுந்த மன்னர்கள்
ஹவாய்த் தீவுகளின் பழைய வயல்கள் சொல்லும் வரலாறு

மலாய் மொழியில் ஐந்து என்ற எண்ணுக்கு 'லீமா' என்று பெயர். இங்கிருந்து பத்தாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், பசிபிக் பெருங்கடலின் நடுவே உள்ள ஹவாய்த் தீவுகளின் பூர்வகுடி மக்களும் ஐந்தை 'லீமா' என்றே சொல்கிறார்கள். மலாய்க்காரர்கள் வானத்தை 'லாஙிட்' என்பார்கள். ஹவாய் மக்கள் 'லனி' என்பார்கள். கண்ணுக்கு இங்கே 'மாத்தா', அங்கே 'மக்கா'. நெருப்புக்கு இங்கே 'அப்பி', அங்கே 'அஹி'.

இது தற்செயலான ஒற்றுமை அன்று. இரண்டும் ஆஸ்திரோனேசியம் என்னும் ஒரே மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. தைவான் தீவிலிருந்து பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் கடல்வழியே பரவிய மக்களில் ஒரு பிரிவினர் மலாய்த் தீவுக்கூட்டத்துக்கு வந்தனர். இன்னொரு பிரிவினரின் வழித்தோன்றல்கள் தீவு தீவாகக் கிழக்கு நோக்கிச் சென்று, கடைசியில் ஹவாய் வரை போய்ச் சேர்ந்தனர்.

ஹவாய் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கடற்கரையும் பூமாலையும் சுற்றுப்பயணிகளும்தான். ஆனால், இரும்பும் எழுத்தும் உழவு மாடும் இல்லாமல், பல நூற்றாண்டுகள் வெளியுலகத் தொடர்பே இல்லாமல், இலட்சக்கணக்கான மக்களுக்குச் சோறு போட்ட ஒரு வேளாண் சமுதாயம் அங்கே இருந்தது. அந்த உழைப்பின் மேல் அரசுகள் எழுந்தன. அவற்றுள் வலிமை மிக்கவை எங்கே எழுந்தன என்பதில்தான் வியப்பு இருக்கிறது. அவை தண்ணீர் தாராளமாக ஓடிய தீவுகளில் எழவில்லை. மழையை எதிர்பார்த்து வானத்தை அண்ணாந்து பார்த்திருந்த வறண்ட மலைச்சரிவுகளில் எழுந்தன.

இதனை எடுத்துச் சொன்னவை ஏடுகளோ கல்வெட்டுகளோ அல்ல. புல் மூடிக் கிடந்த வயல் வரப்புகளே இந்த உண்மையைச் சொல்லின.

படகில் வந்த பயிர்கள்

ஹவாய்க்கு முதலில் வந்தவர்கள் இரட்டைப் படகுகளில், தெற்கே ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பொலினேசியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள். திசைகாட்டும் கருவி எதுவும் அவர்களிடம் இல்லை. விண்மீன்கள், கடலலை, பறவைகள் ஆகியவற்றைப் பார்த்தே வழி அறிந்தார்கள். அப்படி ஒரு பயணம் இயலுமா என்று ஐயுற்றவர்களுக்கு 1976ஆம் ஆண்டு பதில் கிடைத்தது. 'ஹொக்குலேயா' என்ற பழைய பாணிப் படகு, கருவிகளின் துணையின்றி ஹவாயிலிருந்து தாஹித்தித் தீவுக்குச் சென்று சேர்ந்தது.

குடியேற வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. சேப்பங்கிழங்கு, வாழை, கரும்பு, சீமைப்பலா, சர்க்கரைவள்ளிக் கிழங்கு எனப் பல பயிர்கள் படகுகளில் வந்தன. பன்றியும் நாயும் கோழியும் உடன் வந்தன. இவற்றில் சர்க்கரைவள்ளிக் கிழங்கின் தாயகம் தென் அமெரிக்கா. கொலம்பஸ் பிறப்பதற்கு முன்பே அந்தக் கிழங்கு பொலினேசியர்களின் கைக்கு வந்துவிட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

அவர்கள் எப்போது வந்தார்கள்? 1950ஆம் ஆண்டு ஒவாஹு தீவில் குலியோவோ என்ற பாறைக் குகையை ஹோனோலூலுவின் பிஷப் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த கென்னத் எமரி அகழ்ந்தார். அங்கே கிடைத்த அடுப்புக் கரி, கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்பைக் கண்டுபிடித்த வில்லார்ட் லிபியின் சிக்காகோ ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பப்பட்டது. கி.பி. 1000 அளவில் எரிந்த கரி என்று முடிவு வந்தது. பொலினேசியாவில் இம்முறையில் கணிக்கப்பட்ட முதல் காலம் அதுவே. அதன் பின்னர் எத்தனையோ ஆய்வுகள் நடந்துவிட்டன. கி.பி. 1000க்கும் 1250க்கும் இடைப்பட்ட காலத்தில் குடியேற்றம் நிகழ்ந்தது என்பதே இன்று பெரும்பாலான அறிஞர்களின் கருத்து.

தண்ணீரே செல்வம்

குடியேறியவர்கள் முதலில் நாடியது ஆறுகள் ஓடும் பள்ளத்தாக்குகளை. அங்கே சேப்பங்கிழங்கு நட்டார்கள். மலேசியச் சந்தைகளில் 'கெலாடி' என்று விற்கப்படும் அதே இனக் கிழங்குதான் இது. ஹவாய் மக்கள் இதனை 'காலோ' என்பார்கள். அவித்து, இடித்து, நீர் விட்டுப் பிசைந்த 'பொய்' என்ற களியே அவர்களுடைய அன்றாட உணவு.

காலோ அவர்களுக்கு வெறும் கிழங்கு அன்று, உடன்பிறப்பு. ஆதித் தெய்வங்களுக்கு முதலில் பிறந்த குழந்தை உயிரற்றுப் பிறந்ததாம். அதனைப் புதைத்த இடத்தில் முளைத்ததே முதல் காலோச் செடி. அடுத்துப் பிறந்த பிள்ளைதான் மனித குலத்தின் மூதாதை. ஆகவே, அண்ணன் தம்பிக்கு உணவூட்டுகிறான். தம்பி அண்ணனைப் பேணிக் காக்க வேண்டும். மண்ணுக்கும் மனிதனுக்கும் உள்ள கடமையை இந்தக் கதை ஒரே வரியில் சொல்லிவிடுகிறது.

நெல் வயலைப் போலவே பாத்தி கட்டி, வரப்பு எழுப்பி, வாய்க்கால் வெட்டித் தண்ணீர் பாய்ச்சினார்கள். இந்த நீர்வயலுக்கு 'லோஇ' என்று பெயர். ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால் ஒவ்வொரு வயலாக இறங்கி, மீண்டும் ஆற்றிலேயே போய்ச் சேரும். வாய்க்கால் வெட்ட எவ்வளவு ஆள் கொடுத்தார்களோ, அதற்கேற்பத் தண்ணீர் முறை கிடைத்தது. ஹவாய் மொழியில் தண்ணீருக்கு 'வை' என்று பெயர். செல்வத்துக்குப் பெயர் 'வைவை'. தண்ணீரை இருமுறை சொன்னால் அதுவே செல்வம்!

ஆறு கடலில் கலக்கும் இடத்திலும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. கரையோரக் கடலைக் கற்சுவரால் வளைத்து மீன் குளம் அமைத்தார்கள். சுவரில் மரக்கம்பிகளாலான மதகு இருக்கும். குஞ்சு மீன் உள்ளே நுழையும். உள்ளே கொழுத்து வளர்ந்தபின் வெளியேற முடியாது. மடவை மீனும் பால்மீனும் இப்படி வளர்க்கப்பட்டன. தீவுகள் முழுவதும் இத்தகைய குளங்கள் நானூறுக்கும் மேல் இருந்தன.

மலை உச்சியிலிருந்து கடல் வரை நீளும் நிலப்பகுதி ஒரு நிருவாகப் பிரிவாக இருந்தது. அதன் பெயர் 'அஹுபுவாஆ'. மலையில் மரம், நடுவில் வயல், கீழே மீன் என ஒரு சமூகத்துக்கு வேண்டியவற்றில் பெரும்பகுதி அந்த ஒரே பிரிவுக்குள் கிடைத்தது.

ஒரே தீவுக்கூட்டம், இரண்டு உலகங்கள்

ஆனால், எல்லாத் தீவுகளுக்கும் இந்த நற்பேறு வாய்க்கவில்லை. ஹவாய்த் தீவுகள் எரிமலைக் குழம்பால் ஆனவை. வடமேற்கே உள்ள கௌவாய்த் தீவின் வயது ஏறத்தாழ 50 இலட்சம் ஆண்டுகள். தென்கிழக்கே வரவர தீவுகளின் வயது குறைகிறது. கடைசியாக இருக்கும் 'பெரிய தீவு' எனப்படும் ஹவாய்த் தீவு பத்து இலட்சம் ஆண்டைக்கூட எட்டவில்லை. அங்குள்ள கிலவேயா எரிமலை இன்னமும் நெருப்பைக் கக்கி வருகிறது.

வயது முதிர்ந்த தீவுகளில் ஆறுகள் பாறையை அறுத்து அகன்ற பள்ளத்தாக்குகளை உருவாக்கிவிட்டன. கௌவாய், ஒவாஹு ஆகிய தீவுகளில் நீர்வயல்கள் செழித்ததற்கு இதுவே காரணம். இளந்தீவுகளான மௌவியிலும் பெரிய தீவிலும் நிலைமை வேறு. அங்கே பெரும்பாலான இடங்களில் மழைநீர் எரிமலைப் பாறையின் துளைகளில் உறிஞ்சப்பட்டுவிடும். ஆறு ஓடாது. வடகிழக்குக் காற்று கொண்டுவரும் மழையை மலை தடுத்துவிடுவதால், காற்று மறைவான சரிவுகளில் மழையும் குறைவு.

அப்படியானால் அங்கிருந்தவர்கள் எதைச் சாப்பிட்டார்கள்? சர்க்கரைவள்ளிக் கிழங்கும், மேட்டுநிலத்தில் விளையும் சேப்பங்கிழங்கும்தான் அவர்களைக் காத்தன. நீர்வயலைப் போல் ஒருமுறை கட்டிவிட்டால் காலமெல்லாம் விளைச்சல் தரும் நிலம் அன்று அது. களை எடுக்க வேண்டும். புல்லைப் பரப்பி மூடாக்குப் போட வேண்டும். மழை பொய்த்தால் மறுபடியும் கொடித்துண்டு நட வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் ஹவாய் வரலாற்றாசிரியர் சாமுவேல் கமாக்காவ் ஒரு செய்தியைக் குறிப்பிடுகிறார். மற்றத் தீவுகளில் வயல் வேலை ஆண்களுடையது. மௌவியிலும் பெரிய தீவிலும் பெண்களும் ஆண்களுக்குச் சமமாக வெளியே உழைத்தார்கள் என்கிறார் அவர்.

கொஹாலாவின் வரப்புகள்

பெரிய தீவின் வடமுனையில் கொஹாலா என்ற மலைப்பகுதி உள்ளது. இன்று அது மாடு மேயும் புல்வெளி. மாலை வெயில் சாய்வாக விழும்போது மேலிருந்து பார்த்தால், புல்லுக்கு அடியில் கோடு கோடாக ஆயிரக்கணக்கான வரப்புகள் தெரியும். ஏறத்தாழ 60 சதுர கிலோமீட்டர் பரப்பில் இந்த வயல்கள் பரந்து கிடக்கின்றன.

1960களின் இறுதியில் ஹவாய்ப் பல்கலைக்கழக மாணவர்கள் இங்குள்ள லப்பக்காஹி என்ற இடத்தில் அகழாய்வைத் தொடங்கினார்கள். 2000ஆம் ஆண்டுகளில் தொல்லியலாளர் பேட்ரிக் கிர்ச், மண்வளச் சூழலியல் அறிஞர் பீட்டர் விட்டோசெக், நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தெக்ன் லேடஃபோகெட் முதலியோர் ஒன்றுகூடி இந்த நிலத்தை ஆராய்ந்தனர். கிர்ச் ஹவாயிலேயே பிறந்து வளர்ந்தவர். தொல்லியல், மண்ணியல், மக்கள்தொகையியல் என்று பல துறையினர் ஒரே வயலில் இறங்கியது இந்த ஆய்வின் சிறப்பு.

வரப்புகள் மலைச்சரிவுக்குக் குறுக்காக ஓடுகின்றன. பாதைகள் மேலிருந்து கீழாக இறங்குகின்றன. ஒரு வரப்பு பாதையைத் தொட்டவுடன் நின்றுவிட்டால், பாதை முதலில் வந்தது. வரப்பு பிறகு வந்தது. வரப்பின் மேல் ஏறிப் பாதை சென்றால், வரப்பே மூத்தது. இப்படி ஒவ்வொரு சந்திப்பாகப் பார்த்து, எந்த வயல் எப்போது பிரிக்கப்பட்டது என்று வரிசைப்படுத்தினார்கள். காலம் செல்லச் செல்ல வயல்கள் இரண்டாக, நான்காகப் பிரிந்துகொண்டே போனது தெரிந்தது. அகன்ற நிலப்பிரிவுகளும் குறுகின. ஆட்கள் பெருகினார்கள்; நிலம் பெருகவில்லை.

வரப்புகளுக்கு இன்னொரு பயனும் இருந்தது. அவற்றின் மேல் கரும்பு நட்டார்கள். பலத்த காற்றுக்கு அது தடுப்பானது. அதன் சருகு வயலுக்கு மூடாக்கானது.

மண் ஆய்வு மேலும் ஓர் உண்மையைச் சொன்னது. மலையின் அடிவாரத்தில் மழை போதாது. ஆண்டுக்கு ஏறத்தாழ 750 மில்லிமீட்டர் மழையாவது இருந்தால்தான் கிழங்கு விளையும். மேலே போனால் மழை அதிகம். ஆனால், நூறாயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பெய்த அந்த மழையே மண்ணின் சத்தைக் கரைத்துக் கொண்டுபோய்விட்டது. இடையில் உள்ள ஒரு பட்டையில் மட்டும்தான் மழையும் போதும், மண்ணும் வளம். வயல்களின் எல்லைகள் ஏறக்குறைய அந்தப் பட்டையோடு பொருந்தி நின்றன. மண் பரிசோதனைக்கூடம் இல்லாத காலத்து உழவர்கள் கையாலும் கண்ணாலும் கண்டறிந்த எல்லை அது.

வரப்புக்கு அடியில் புதைந்து, பயிர் ஏறாமல் இருந்த பழைய மண்ணையும், பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகப் பயிர் செய்த மண்ணையும் ஒப்பிட்டார்கள். பயிர் செய்த மண்ணில் மணிச்சத்து குறைந்திருந்தது. உழைப்பு கூடிக்கொண்டே போனது. மண்ணோ இளைத்துக்கொண்டே வந்தது. கொஹாலா வயல்களின் கதை இதுதான்.

பவளம் சொன்ன காலம்

இதே காலத்தில் ஆட்சி என்ன ஆயிற்று? அதற்கான விடை மௌவித் தீவின் வறண்ட தென்கரையில், கஹிக்கினுயி என்ற வட்டாரத்தில் கிடைத்தது.

அங்கே 'ஹெயாவு' எனப்படும் கற்கோயில்கள் பல சிதைந்து கிடக்கின்றன. அவற்றின் சுவர்களிலும் பீடங்களிலும் கடலிலிருந்து புதிதாக எடுத்துவந்த பவளக் கிளைகளைக் காணிக்கையாக வைப்பது வழக்கம். பவளத்தில் மிகச் சிறிதளவு யுரேனியம் இருக்கும். அது மெல்ல மெல்லத் தோரியமாக மாறும். அந்த மாற்றத்தை அளந்தால், பவளம் கடலை விட்டு வந்த காலத்தைச் சில ஆண்டுகள் பிசகாமல் சொல்லிவிடலாம். கரியை வைத்துக் கணிக்கும்போது பல பத்தாண்டுகள் முன்பின் ஆகும். பவளத்தில் அந்தக் குழப்பம் இல்லை.

கிர்ச்சும் புவிவேதியியலாளர் வாரன் ஷார்ப்பும் 2005ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவு அறிஞர்களை வியக்க வைத்தது. பல தலைமுறைகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தவை என்று கருதப்பட்ட கோயில்கள், 1580 முதல் 1640 வரையிலான ஏறத்தாழ 60 ஆண்டுகளுக்குள் எழும்பியிருந்தன. பின்னர் மேலும் பல பவளங்களை ஆராய்ந்தபோது அந்தக் காலம் சற்று விரிந்தது. எனினும் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஒரு பெரும் மாற்றம் நிகழ்ந்தது என்பது உறுதியாயிற்று.

கோயில் என்றால் அங்கே வரியும் உண்டு. கார்த்திகை விண்மீன் கூட்டத்தை ஹவாய் மக்கள் 'மக்காலீஇ' என்பார்கள். நவம்பர் மாதவாக்கில், அந்திப்பொழுதில் அது கிழக்கே தோன்றியதும் 'மக்காஹிக்கி' என்ற நான்கு மாத விழாக்காலம் தொடங்கும். மழைக்கும் விளைச்சலுக்கும் உரிய லோனோ தெய்வத்தின் திருவுரு தீவைச் சுற்றி ஊர்வலமாக வரும். அப்போது போர் செய்யக் கூடாது. ஒவ்வொரு நிலப்பிரிவின் எல்லையிலும் ஒரு கல்மேடை இருக்கும். பன்றி, நாய், மரப்பட்டைத் துணி, பறவை இறகு, கிழங்கு என்று குடிமக்கள் அங்கே திறை வைப்பார்கள். 'அஹு' என்றால் கல்மேடை. 'புவாஆ' என்றால் பன்றி. நிலப்பிரிவின் பெயரே வரியின் பெயராகிவிட்டது! திறை குறைந்தால் ஊர்வலத்தில் வந்தவர்கள் அந்த ஊரைச் சூறையாடுவதும் உண்டு.

விழாக்காலம் முடிந்தால் போர்த் தெய்வமான கூவின் காலம் வரும். அரசனின் பெருங்கோயில்களில் நரபலியும் நடந்தது. மேலே தெய்வ வம்சம் எனப்பட்ட 'அலீஇ' வகுப்பினர். கீழே நிலத்தில் உழைக்கும் 'மக்காஆய்னானா' என்னும் குடிமக்கள். உயர்ந்த அலீஇயின் முன் குடிமகன் தரையில் விழுந்து கிடக்க வேண்டும். தலைவன், தலைவனாக இருந்தது போய், தெய்வ அரசனாக மாறியிருந்தான்.

நீர் பிறப்பித்த அரசா, வறட்சி வளர்த்த அரசா?

1957ஆம் ஆண்டு கார்ல் விட்ஃபோகல் என்ற வரலாற்றாசிரியர் ஒரு கருத்தை முன்வைத்தார். பெரிய பாசனத் திட்டங்களை நடத்த ஆட்களைத் திரட்ட வேண்டும். அதற்கு அதிகாரம் வேண்டும். அந்த அதிகாரமே கொடுங்கோல் அரசாக வளர்ந்தது என்பது அவருடைய வாதம். எகிப்தும் சீனாவும் அதற்குச் சான்றுகளாகக் காட்டப்பட்டன.

ஹவாய் இந்த வாதத்தைத் தலைகீழாக்குகிறது என்று கிர்ச் 1994ஆம் ஆண்டு எழுதிய நூலில் காட்டினார். பாசனம் மிகுந்த கௌவாயும் ஒவாஹுவும் பிற தீவுகளை அடக்கி ஆளப் புறப்படவில்லை. பாசனம் அரிதான பெரிய தீவும் மௌவியுமே ஓயாமல் படையெடுத்தன. 1776ஆம் ஆண்டு பெரிய தீவின் மன்னர் கலனியோப்புவு மௌவி மீது படையெடுத்துப் பெருந்தோல்வி கண்டார். 1783ஆம் ஆண்டு மௌவி மன்னர் கஹெக்கிலி ஒவாஹுவைக் கைப்பற்றினார். இறுதியில் 1795இல் கௌவாய் நீங்கலாக மற்றத் தீவுகளை வென்று, 1810இல் கௌவாயையும் உடன்பாட்டால் இணைத்து, ஒரே அரசை நிறுவியவர் கமேஹமேஹா. அவர் பிறந்த மண் எது தெரியுமா? கொஹாலா.

ஏன் இப்படி? நீர்வயல் குறைந்த உழைப்பில் நிறைய மிச்சம் தரும். மழை பொய்த்தாலும் ஆறு காப்பாற்றும். அங்குள்ள தலைவனுக்கு அவசரம் இல்லை. மேட்டுநிலத்தில் மிச்சம் குறைவு. அதுவும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். நல்ல ஆண்டில் பெருகிய வீரர்களுக்கும் பூசாரிகளுக்கும் பஞ்ச ஆண்டில் எதைக் கொடுப்பது? ஒன்று, குடிமக்களை இன்னும் கசக்கிப் பிழிய வேண்டும். அல்லது, தண்ணீர் ஓடும் அடுத்தவன் தீவைப் பிடிக்க வேண்டும். அந்த மன்னர்கள் இரண்டையும் செய்தார்கள்.

கமேஹமேஹாவின் வெற்றிக்கு வெள்ளையரின் துப்பாக்கியும் பீரங்கியும் உதவின என்பது உண்மையே. ஆனால், 1778ஆம் ஆண்டு கேப்டன் ஜேம்ஸ் குக் தீவுகளில் கால் வைத்தபோதே, தெய்வ அரசும் நிலவரியும் முழுநேரப் போர்வீரர்களும் அங்கே இருந்தனர். துப்பாக்கி அந்த அரசை உண்டாக்கவில்லை, விரிவாக்கியது.

குடிமக்கள் வாய்மூடி இருந்தார்களா?

கோயிலைக் கட்டியவன் பெயர் வாய்மொழிக் கதைகளில் நிற்கிறது. அவனுக்குச் சோறிட்டவன் பெயர் எங்கும் இல்லை. ஆனால், அவன் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டான் என்று எண்ணிவிடக் கூடாது.

ஹவாய் மக்களில் ஒருவரான டேவிட் மாலோ, பழைய வழக்கங்களைத் தம் தாய்மொழியில் எழுதிவைத்தவர். குடிகளைக் கொடுமைப்படுத்தியதால் குடிகளாலேயே கொல்லப்பட்ட மன்னர்கள் பலர் என்று அவர் பதிவு செய்திருக்கிறார். பெரிய தீவின் தென்பகுதியான காவூ வறண்ட நிலம். தலைவர்களைக் கொன்ற ஊர் என்ற பெயர் அதற்கு உண்டு.

அங்கே ஹலாயேயா என்று ஒரு தலைவன். மீனவர்கள் கரை திரும்பும்போதெல்லாம் மொத்த மீனையும் தனக்கே என்று பறித்துக்கொள்வான். ஒருநாள் மீனவர்கள் ஒன்றுகூடினார்கள். நடுக்கடலில் அவனுடைய படகைச் சூழ்ந்து, 'இதோ உங்கள் மீன்' என்று ஒவ்வொரு படகிலிருந்தும் மீனை அள்ளி அவன் படகில் கொட்டினார்கள். போதும் போதும் என்று அவன் கத்தியும் நிறுத்தவில்லை. படகு பாரம் தாங்காமல் மூழ்கியது. அவனும் போனான்.

இது கதையாகவே இருக்கட்டும். பேராசை பிடித்த தலைவனுக்கு என்ன நேரும் என்று குழந்தைகளுக்குச் சொல்லி வளர்த்த சமுதாயம் அது என்பதை இக்கதை காட்டுகிறது அல்லவா?

நிலம் கைமாறியபோது

குக்கின் கப்பல்கள் வந்தபோது தீவுகளில் 400,000 பேர் இருக்கலாம் என்று அவருடைய அதிகாரி ஜேம்ஸ் கிங் மதிப்பிட்டார். அதற்கும் அதிகம் என்போரும், குறைவு என்போரும் உள்ளனர். ஆனால், பின்னர் நடந்ததில் ஐயமே இல்லை. கப்பல்கள் கொண்டுவந்த நோய்களுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லாத மக்கள் கொத்துக் கொத்தாக மடிந்தனர். 1830களின் தொடக்கத்தில் மக்கள்தொகை ஏறத்தாழ 130,000. 1853இல் ஏறத்தாழ 73,000. கொஹாலா வரப்புகளில் கிழங்கு நட ஆள் இல்லை. புல் மூடியது, மாடுகள் மேய்ந்தன.

1848ஆம் ஆண்டு மூன்றாம் கமேஹமேஹா காலத்தில் நிலம் தனியுடைமையாகப் பங்கிடப்பட்டது. இதற்கு 'மாஹெலே' என்று பெயர். 1850ஆம் ஆண்டுச் சட்டம் உழவர்களுக்கும் நிலம் கோரும் உரிமை தந்தது. ஆனால், குடிமக்களின் கைக்கு வந்தது மொத்த நிலத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. நூற்றாண்டுகளாகத் திறை செலுத்தி உழைத்தவர்களுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

பிறகு கரும்புத் தோட்டங்கள் வந்தன. மலையைக் குடைந்து, மழை மிகுந்த பக்கத்திலிருந்த ஆறுகளை வறண்ட பக்கத்துத் தோட்டங்களுக்குத் திருப்பினார்கள். பழைய வாய்க்கால் ஆற்றிலிருந்து எடுத்த தண்ணீரை ஆற்றுக்கே திருப்பித் தந்தது. தோட்ட முதலாளியின் கால்வாய் திருப்பித் தரவில்லை. சேப்பங்கிழங்கு வயல்கள் காய்ந்தன.

ஆறு மீண்டும் ஓடுமா?

ஒவாஹு தீவின் வையாஹோலே கால்வாய் 1916இல் முடிக்கப்பட்டது. அந்தத் தண்ணீரைப் பயன்படுத்திய சர்க்கரை ஆலை 1990களில் மூடப்பட்டதும், இனி தண்ணீர் யாருக்கு என்ற வழக்கு எழுந்தது. தண்ணீர் பொதுமக்களுக்காக அரசு காக்க வேண்டிய பொறுப்புச் சொத்து என்று ஹவாய் உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. ஆற்றுக்கு ஒரு பகுதித் தண்ணீர் திரும்பியது; காலோ வயல்களும் பச்சை பிடித்தன. 2016ஆம் ஆண்டு இறுதியில் மௌவியின் கடைசிச் சர்க்கரைத் தோட்டமும் மூடப்பட்டது.

2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் மௌவியின் லஹைனா நகரைத் தீ விழுங்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஒருகாலத்தில் சீமைப்பலா மரங்களுக்கும் குளத்துக்கும் பெயர்போன ஊர் அது. கைவிடப்பட்ட தோட்ட நிலங்களில் மண்டிக் காய்ந்திருந்த அந்நியப் புல் தீ பரவ உதவியது. நிலத்தைப் பேணாமல் விட்டதன் விலை அது.

இன்று ஹவாய் தன் உணவில் 85 முதல் 90 விழுக்காட்டைக் கப்பலில் வரவழைப்பதாக மதிப்பிடப்படுகிறது. முன்னாளில் வெளியிலிருந்து ஒரு பிடி உணவுகூட வந்ததில்லை. அதனால்தான் பழைய வயல்கள் பற்றிய ஆராய்ச்சி அங்கே அருங்காட்சியகத்தோடு நின்றுவிடவில்லை. கொஹாலாவின் புவானுயி என்ற இடத்தில் பழைய வரப்புகளுக்கிடையே மீண்டும் சர்க்கரைவள்ளி நட்டுப் பார்க்கிறார்கள். ஒவாஹுவின் ஹேயியா மீன் குளத்தின் சுவரைத் தொண்டர்கள் கல் கல்லாக எடுத்துக் கட்டினார்கள்.

பழமை எல்லாமே பொற்காலம் அன்று. அந்த வயல்களில் பசியும் இருந்தது, பலிபீடமும் இருந்தது. உழைப்பவன் ஒருவன், உண்பவன் ஒருவன் என்ற நிலையும் இருந்தது. அதை மறைத்துவிட்டு மீன் குளத்தையும் வாய்க்காலையும் மட்டும் புகழ்வது அந்த உழவர்களுக்குச் செய்யும் நீதி ஆகாது.

கமேஹமேஹாவின் இளமையில் நடந்ததாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. கடற்கரையில் மீன்பிடித்துக்கொண்டிருந்த எளியவர்களை அவர் துரத்தினார். ஓடும்போது அவர் கால் பாறை இடுக்கில் சிக்கிக்கொண்டது. மீனவன் ஒருவன் திரும்பி வந்து துடுப்பால் அவர் தலையில் ஓங்கி அடித்தான். துடுப்பு சிதறியது. பின்னாளில் அந்த மீனவன் பிடிபட்டபோது, மன்னர் அவனைத் தண்டிக்கவில்லை. தவறு தன்னுடையதே என்றார். முதியவரும் பெண்களும் குழந்தைகளும் வழியோரத்தில் அச்சமின்றிப் படுத்துறங்கலாம் என்று 1797ஆம் ஆண்டு சட்டம் இயற்றினார். 'சிதறிய துடுப்பின் சட்டம்' என்னும் அது, இன்றும் ஹவாய் மாநில அரசியலமைப்பில் இடம்பெற்றிருக்கிறது.

தீவுகள் அனைத்தையும் வென்ற மன்னருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது, பெயர் தெரியாத ஒரு மீனவனின் துடுப்பு. கொஹாலாவின் புல்லுக்கடியில் கிடக்கும் வரப்புகளும் அத்தகையவைதான். அவற்றைக் கட்டிய கைகளின் பெயர் யாருக்கும் தெரியாது. ஆனால், அந்தக் கைகள் இல்லாமல் அங்கே கோயிலும் இல்லை, மன்னனும் இல்லை.